தெரியாத டிஸ்க்கும் ஃபார்மட் பட்டனும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் கடைப்பக்கம் வர முடியல. இன்னைக்கு கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. ஆனா பொட்டி தட்டாதவங்களும் ஒரு தடவை படிச்சிடுங்க. உங்க கல்யாண போட்டோவும், பத்து வருசமா எழுதி வச்ச பதிவுகளும் இதுல மாட்டியிருக்கு.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். கம்ப்யூட்டர்ல டிஸ்க் தெரியலைன்னா டிஸ்க் இல்லைன்னோ செத்துப்போச்சுன்னோ அர்த்தம் கிடையாது. பல சமயம் அது நல்லாத்தான் இருக்கு. இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அதைப் பார்க்கத் தெரியலை, அவ்வளவுதான். அதை வெளிப்படையா ஒத்துக்காம, "ஃபார்மட் பண்ணட்டுமா?"ன்னு கேக்குறாங்க பாருங்க, அதைத்தான் நான் அநியாயம்னு சொல்றேன்.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு இருந்த இலவச ஆதரவு முடிஞ்சிடுச்சு. விண்டோஸ் 11 ஏறாத பழைய பொட்டிகள் வீட்டுக்கு ஒண்ணு கிடக்கு. "லினக்ஸ் போட்டுப் பார்ப்போமே"ன்னு உபுண்டு பக்கம் தலைவைக்கிற ஆளுங்க கூடிட்டாங்க. சந்தோஷம். ஆனா இன்ஸ்டால் பண்ணப் போனா முதல் திரையிலயே சில பேருக்கு "டிஸ்க் எதுவுமே காணோம்". உடனே பக்கத்து கடைக்காரர்கிட்ட ஓட்டம். அவர் சொல்ற தீர்ப்பு: "ஹார்ட் டிஸ்க் போயிருச்சு தம்பி, புதுசு மாட்டணும்."

நடுவுல யாரு?

டிஸ்குக்கும் நம்ம கண்ணுக்கும் நடுவுல நாலு வாசல் இருக்கு. முதல்ல டிஸ்க் மாட்டியிருக்கிற அடாப்டர், அதாவது கண்ட்ரோலர். ரெண்டாவது, அந்த அடாப்டரோட பேசத் தெரிஞ்ச டிரைவர். மூணாவது, டிஸ்கை எப்படிப் பாகம் பிரிச்சிருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிள். நாலாவது, உள்ள ஃபைல்களை அடுக்கி வச்சிருக்கிற முறை: என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ட்4, ஃபேட்32, இப்படி. இதுல எந்த வாசல் அடைச்சிருந்தாலும் நமக்குத் தெரியுறது ஒண்ணுதான். "காணோம்."

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல தெலுங்கு போர்டு மாட்டின பஸ் ஒண்ணு நிக்குதுன்னு வச்சுக்கங்க. நமக்குப் படிக்கத் தெரியாது. அதுக்காக பஸ்ஸே இல்லைன்னு சொல்வோமா? அதைவிட மோசமா, "இந்த போர்டு புரியலை, அழிச்சிட்டு புதுசா எழுதி, உள்ள இருக்கிற ஆளுங்களையும் இறக்கி விட்டுடலாமா?"ன்னு டிரைவர்கிட்ட கேப்போமா? விண்டோஸ் கேக்குது சாமி. தினமும் கேக்குது.

இது இன்னைக்கு நேத்து கதை இல்ல

பழைய ஐ.டி.இ. டிஸ்க் காலத்துல பின்னாடி குட்டியா ஒரு ஜம்பர் இருக்கும், ஞாபகம் இருக்கா? மாஸ்டர், ஸ்லேவ்னு. ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்கையும் மாஸ்டர்னு வச்சா ரெண்டுமே ஒழுங்காத் தெரியாது. அந்த பிளாஸ்டிக் துண்டைப் பிடுங்கி இடம் மாத்தினா ரெண்டும் வந்துடும். டிஸ்க் சாகலை, உட்கார்ற இடத்துலதான் தகராறு.

அப்புறம் சாட்டா டிஸ்க் வந்துச்சு. அதோட பேசுறதுக்கு ஏ.ஹெச்.சி.ஐ. அப்படிங்கிற பொதுமுறையை இன்டெல் 2004ல வெளியிட்டுச்சு. ஆனா விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தது 2001ல. அதுக்குள்ள அந்த டிரைவர் கிடையாது. ஏ.ஹெச்.சி.ஐ. முறையில வச்ச பொட்டியில எக்ஸ்.பி. போட ஆரம்பிச்சா டிஸ்க் இல்லைன்னு சொல்லும், இல்லாட்டி 7பி-ன்னு முடியுற எண்ணோட நீலத்திரை காட்டும். எஃப்6 அமுக்கி ஃப்ளாப்பியில டிரைவர் கொடுக்கச் சொல்லும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்ல ஃப்ளாப்பிக்கு எங்க போறது? பயாஸ்ல போய் ஏ.ஹெச்.சி.ஐ.யை ஐ.டி.இ.ன்னு மாத்தினா அதே டிஸ்க் பல்லைக் காட்டிக்கிட்டு வரும். நம்மள்ல பாதிப்பேர் இந்த வைத்தியத்தைப் பார்த்திருப்போம். 2007ல பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டாவுலதான் அந்த டிரைவர் உள்ளேயே வந்துச்சு.

சரி, பிரச்சினை தீர்ந்துதான்னு பார்த்தா இல்ல. இன்டெல்லோட ஆர்.எஸ்.டி. வந்துச்சு. பயாஸ்ல "ரெய்டு"ன்னு ஒரு அமைப்பு. ஒத்த டிஸ்க் இருக்கிற லேப்டாப்ல ரெய்டுக்கு என்ன வேலைன்னு கேக்காதீங்க. இந்த அமைப்புல என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யை கண்ட்ரோலர் தன் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக்கும். இன்டெல்லோட தனி டிரைவர் இருக்கிற விண்டோஸுக்கு மட்டும் காட்டும். லினக்ஸ் கெர்னல் இதைக் கண்டுபிடிச்சா தன்னோட பதிவேட்டுல ஒரு வரி எழுதி வைக்கும்: ஒளிச்சு வச்ச டிஸ்க் இத்தனை இருக்கு, வேணும்னா பயாஸ்ல ரெய்டுலேருந்து ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாத்துங்கன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி அது. "இல்லை"ன்னு சொல்லலை. "இருக்கு, என்னால எட்ட முடியலை, வழி இது"ன்னு சொல்லுது.

ஆனா அந்த மாத்துற சுவிட்சையே எடுத்துட்டா? 2016ல லெனோவோவோட யோகா 900 வரிசையில ஒரு மாடல்ல அதுதான் நடந்துச்சு. பயாஸ்ல ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாத்துற வழியே இல்லை, அதனால லினக்ஸ் போட முடியலை. அந்த செப்டம்பர்ல இணையத்துல பெரிய ரகளை. மைக்ரோசாஃப்ட் சதி, ஒப்பந்தம் அது இதுன்னு ஆளாளுக்குக் கும்மி. சதியோ சதி இல்லையோ, வாங்கினவன் காசு கொடுத்த டிஸ்கை வாங்கினவனுக்கே காட்ட மாட்டேன்னது மட்டும் நிஜம். சத்தம் போட்டதுக்கு அப்புறம் லெனோவோ புது பயாஸ் கொடுத்துச்சு. சத்தம் போட்டா நடக்கும்ங்கிறதுக்காகத்தான் இதை இவ்வளவு விலாவாரியா எழுதுறேன்.

இதுல ஒரு காமெடி கிளைமாக்ஸ் வேற இருக்கு. 2020ல வந்த பதினோராம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள்லேருந்து வி.எம்.டி.ன்னு இன்னொரு அடாப்டர் ஏற்பாடு. இந்த தடவை லினக்ஸ் கெர்னலுக்குள்ள அதுக்கான டிரைவர் இருக்கு. மைக்ரோசாஃப்ட் தளத்துலேருந்து இறக்கின சுத்தமான விண்டோஸ் இன்ஸ்டாலர்லதான் பல பொட்டிகள்ல அது இல்லை! "டிரைவ் எதுவும் கிடைக்கலை, டிரைவரை நீங்களே கொடுங்க"ன்னு நிக்கும். இன்டெல் டிரைவரைத் தனியா பெண்டிரைவ்ல ஏத்திக் கொடுத்தாத்தான் நகரும். எஃப்6 ஃப்ளாப்பி பெண்டிரைவா மறுபிறவி எடுத்திருக்கு :-) 

ஆக, லினக்ஸ் மட்டம், விண்டோஸ் ஒசத்திங்கிற சண்டை இல்ல இது. எல்லாருக்கும் ஒரு சமயம் கண்ணு தெரியாமப் போகுது. கண்ணு தெரியாத நேரத்துல யாரு என்ன பேசுறாங்கங்கிறதுதான் என் கேள்வி.

மூணு பேர், மூணு பேச்சு

லினக்ஸ்ல எக்ஸ்ட்4 முறையில ஃபார்மட் பண்ணின பெண்டிரைவை எடுத்து மூணு பொட்டியிலயும் சொருகினதா வச்சுக்கங்க.

விண்டோஸ் சொல்லும்: இந்த டிஸ்கைப் பயன்படுத்தணும்னா முதல்ல ஃபார்மட் பண்ணணும், பண்ணட்டுமா?

மேக் சொல்லும்: நீங்க சொருகின டிஸ்கை இந்தக் கம்ப்யூட்டரால படிக்க முடியலை. கீழ மூணு பட்டன், அதுல ஒண்ணு அழிக்கிற வழிக்குத்தான் போகும். ஆனாலும் "இந்தக் கம்ப்யூட்டரால"ங்கிற வார்த்தையில ஒரு நாணயம் இருக்கு.

லினக்ஸுக்குப் புரியாத டிஸ்க் ஒண்ணு கொடுத்தா: இது எனக்குத் தெரியாத ஃபைல் சிஸ்டம். அவ்வளவுதான். ஃபார்மட் பேச்சே இல்லை.

விண்டோஸ் சொல்றதுல உள்ள விஷமம் புரியுதா? குறை அதோட கண்ணுல இருக்கு. பழி டிஸ்க் மேல விழுது. கணினி தெரியாத ஒருத்தர் அதைப் படிச்சா, "ஓ, இன்னும் தயாராகாத புது டிஸ்க் போல"ன்னுதான் நினைப்பார். உள்ள அஞ்சு வருச போட்டோ இருக்குன்னு அந்தப் பெட்டிச்செய்தி ஒரு வார்த்தை சொல்லலையே.

இதுல லினக்ஸ்காரங்க பக்கமும் ஒரு குளறுபடி இருந்துச்சு, மறைக்கக்கூடாது. ஜி.பி.டி. பார்ட்டிஷன் முறையில ஒவ்வொரு வகைப் பாகத்துக்கும் ஒரு அடையாள எண் உண்டு. ஆரம்பத்துல லினக்ஸ் கருவிகள் தங்களோட பாகத்துக்கும் விண்டோஸ் டேட்டாவோட எண்ணையே போட்டுட்டு இருந்தாங்க. விண்டோஸ் "நம்ம வீட்டுப் பிள்ளை"ன்னு நினைச்சு எழுத்து கொடுத்து, உள்ள பார்த்தா ஒண்ணும் புரியாம, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. அப்புறம்தான் லினக்ஸுக்குன்னு தனி எண் வச்சாங்க. பெயர்ப்பலகையில ஒரு எண் மாறினதுல எத்தனை டிஸ்க் தப்பிச்சிருக்கும்!

எங்க ஊர்க் கதை

இதெல்லாம் அமெரிக்காவுல நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி ஜெயலலிதா தொடங்கி வச்ச இலவச லேப்டாப் திட்டம் நினைவிருக்கும். எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்கள்ல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. டெபியனை அடிப்படையா வச்சு நம்ம சி-டாக் செஞ்சது பாஸ். அதுக்கு முன்னாடி உமாசங்கர் எல்காட்ல இருந்தப்ப, 2007 வாக்குல, அரசுப் பொட்டிகள்ல சூசே லினக்ஸ் போட்டதும் நடந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரே டிஸ்க்ல ரெண்டு ஓ.எஸ்.ங்கிற விஷயம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைங்க மடிக்கு வந்து சேர்ந்துச்சு. உலகத்துல எத்தனை ஊர்ல இது நடந்திருக்கும்?

ஆனா அந்த ரெண்டுல ஒண்ணுக்கு இன்னொண்ணு தெரியாதுன்னு பிள்ளைங்களுக்கு யாரு சொன்னா?

எங்க சேவுகம்பட்டியில ஒரு தம்பி. திட்டத்துல வந்த லேப்டாப். வீட்டுல எல்லாரும் விண்டோஸ்ல படம் பார்த்துட்டு வைரஸ் ஏத்தி வைக்கிறாங்கன்னு, தன்னோட பாடக்குறிப்பு, புராஜெக்ட், தை மாசம் நம்ம பெருமாள் கோயில் வாழைப்பழச் சூறையில எடுத்த போட்டோ எல்லாத்தையும் பாஸ் பக்கம் வச்சிருந்தான். விவரமான பையன். ஒரு நாள் விண்டோஸ் மக்கர் பண்ணுச்சு. பக்கத்து டவுன்ல ஒரு கடையில கொடுத்திருக்கான். அவங்க விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்துட்டாங்க. திறந்தா ஓ.எஸ். தேர்ந்தெடுக்கிற கருப்புத் திரையே வரலை. நேரா விண்டோஸ். மை கம்ப்யூட்டர்ல சி, டி மட்டும். "பாஸ் போயிருச்சு தம்பி, அதுல இருந்ததெல்லாம் அழிஞ்சிருக்கும். வேணும்னா மொத்தமா ஃபார்மட் பண்ணி இடத்தை சி-யோட சேர்த்துத் தாரேன்"னு சொல்லியிருக்காங்க.

நல்லவேளை, "யோசிச்சு சொல்றேண்ணே"ன்னு வாங்கிட்டு வந்துட்டான். என்கிட்ட கொண்டு வந்தப்ப, "அண்ணே, எல்லாம் போச்சுண்ணே"ன்னு முகம் தொங்கிப்போய் நின்னான்.

நடந்தது என்ன? விண்டோஸ் மறுபடி ஏறும்போது டிஸ்கோட முதல் பகுதியில இருந்த லினக்ஸோட வாசல்காரனை, அதான் கிரப், எழுப்பி அனுப்பிட்டு தன் ஆளை உட்கார வச்சிடுச்சு. லினக்ஸ் பாகம் தன் இடத்துலயே இருக்கு. விண்டோஸுக்கு எக்ஸ்ட் வகை படிக்கத் தெரியாது, அதனால எழுத்து கொடுக்கலை, அதனால மை கம்ப்யூட்டர்ல வரலை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து காட்டினேன். பெயர் இல்லாம, எழுத்து இல்லாம, ஆனா நல்ல நிலைமையில ஒரு நீலப்பட்டை. "இதுதான்டா உன் பாஸ்"னேன். உபுண்டு பெண்டிரைவை சொருகி, இன்ஸ்டால் பண்ணாம சும்மா முயற்சி பண்ணிப் பார்க்கிற வழியில திறந்தா, அவன் ஃபோல்டர் அத்தனையும் வரிசையா நிக்குது. வேற டிஸ்குக்கு காப்பி பண்ணிக் கொடுத்தாச்சு.

அந்தக் கடைக்காரரைத் திட்டத் தோணலை. அவர் பொய் சொல்லலை, திரையில தெரிஞ்சதைச் சொன்னார். திரைதான் பொய் சொல்லுச்சு. இதே மாதிரி "போயிருச்சு"ன்னு கேட்டு, சரின்னு தலையாட்டி, நிஜமாவே அழிச்சுக்கிட்ட பிள்ளைங்க இருந்திருக்க மாட்டாங்களா? ரெண்டு ஓ.எஸ். கொடுத்த அரசு, கூடவே ஒரு பக்கத்துல தமிழ்ல அச்சடிச்சுக் கொடுத்திருக்கலாம்: "விண்டோஸில் தெரியாத பகுதி காலியான பகுதி அல்ல." ஆறு வார்த்தை. காகிதச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும்?

மறைக்கிறதே தப்பா?

இல்லை. பெரிய கம்பெனி சர்வர் ரூம்ல வேலை பார்க்கிற நண்பர்கள் இப்ப அடிக்க வருவாங்க. அங்க ஒரே சேமிப்புப் பெட்டியில இருந்து நூறு சர்வருக்கு டிஸ்க் போகும். எந்த அடாப்டருக்கு எது தெரியணும்னு கணக்கா எழுதி வச்சு, மத்ததை மறைப்பாங்க. லன் மாஸ்கிங், ஸோனிங்னு அதுக்குப் பேரு. ஏன்? லினக்ஸ் சர்வரோட டிஸ்க் தப்பித்தவறி விண்டோஸ் சர்வர் கண்ணுல பட்டா, "புது டிஸ்க் போல, ஆரம்பிக்கட்டுமா?"ன்னு கேக்கும். யாராவது அரைத்தூக்கத்துல ஓகே கொடுத்தா அடுத்த நாள் கம்பெனியே தூங்காது. அதனாலதான் விண்டோஸ் சர்வர்லயே சான் பாலிசின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பகிர்ந்துக்கிற டிஸ்க் வந்தா உடனே பாயாம, ஆஃப்லைன்ல வச்சுட்டு நிர்வாகி சொல்றவரைக்கும் காத்திரு அப்படின்னு.

பார்த்தீங்களா, கம்பெனிக்காரன் டிஸ்க்னா "கை வைக்காதே, கேட்டுக்கோ". சேவுகம்பட்டி தம்பி டிஸ்க்னா "ஃபார்மட் பண்ணட்டுமா?". ஒரே கம்பெனி, ஒரே விண்டோஸ் குடும்பம். என் கோபம் இங்கதான். மறைக்கிறது தப்பில்லை. சொந்தக்காரனுக்குத் தெரிஞ்சு மறைக்கணும், அவனே திறக்கிற மாதிரி மறைக்கணும்.

"சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு விவரம் எதுக்கு, குழம்பிடுவாங்க"ன்னு ஒரு வாதம் வரும். குழம்பட்டும். குழம்பினவன் நாலு பேர்கிட்ட கேப்பான். தெளிவா "ஃபார்மட்" அமுக்கினவனுக்குக் கேக்க என்ன இருக்கு?

நம்ம கையில இருக்கிறது

டிஸ்க் தெரியலைன்னா இந்த வரிசையில போங்க:

1. எந்தப் பெட்டிச்செய்தி வந்தாலும் கேன்சல். ஃபார்மட், இனிஷியலைஸ் ரெண்டும் கெட்ட வார்த்தை.

2. பயாஸ்ல டிஸ்க் பேர் வருதா பாருங்க. வந்தா உயிர் இருக்கு. வராட்டியும் உடனே பால் ஊத்த வேண்டாம், கேபிள், அடாப்டர் மாத்திப் பாருங்க.

3. வேற ஓ.எஸ்.ல பாருங்க. உபுண்டு பெண்டிரைவ் ஒண்ணு வீட்டுல இருக்கிறது காய்ச்சல் மாத்திரை இருக்கிற மாதிரி.

4. லினக்ஸ் இன்ஸ்டாலர்ல காணோம்னா பயாஸ்ல ரெய்டு, ஆர்.எஸ்.டி., வி.எம்.டி. எது இருக்குன்னு பாருங்க. ஆனா விண்டோஸ் இருக்கிற பொட்டியில திடீர்னு மாத்தினா நீலத்திரைதான். முதல்ல பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வச்சுக்கிட்டு, விண்டோஸை சேஃப் மோடுல கிளம்பச் சொல்லி வச்சுட்டு, அப்புறம் பயாஸ்ல மாத்தி, சேஃப் மோடுல ஒரு தடவை ஏறி, திரும்ப சாதா நிலைக்கு வாங்க.

5. வெளி ஹார்ட் டிஸ்கைப் பெட்டியிலேருந்து பிரிச்சு நேரா சாட்டாவுல மாட்டி, காலியா தெரிஞ்சா பதறாதீங்க. சில பெட்டிக்குள்ள இருக்கிற அடாப்டர், செக்டர் அளவை மாத்திக் காட்டும். சிலது குறியாக்கமே பண்ணி வைக்கும். திரும்ப அதே பெட்டியில போட்டாத்தான் படிக்கும். பெட்டியைக் குப்பையில போட்டுடாதீங்க.

6. விண்டோஸ் டிரைவ் லினக்ஸ்ல எழுத விடலைன்னா, விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைச்சிட்டு முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு வாங்க. விண்டோஸ் 8லேருந்து அது நிஜமா தூங்குறது இல்லை, அரைக்கண் மூடிக்கும்.

7. எல்லா பக்கமும் போக வேண்டிய பெண்டிரைவ்னா எக்ஸ்ஃபேட். 2019ல மைக்ரோசாஃப்ட் அதோட விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே வந்துடுச்சு. ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது.

கடைசியா சக பதிவர்களுக்கு ஒண்ணு. உங்கள்ல பாதிப்பேர் வீட்டுப் பரண்ல எக்ஸ்.பி. காலத்துப் பொட்டி கிடக்கும். அதுக்குள்ள யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவுல அடிச்ச கதை, பாதியில விட்ட கட்டுரை, மூடிப்போன தளங்கள்ல போட்ட பதிவுகளோட மூலம் எல்லாம் தூங்கும். "புது லேப்டாப்ல சொருகினேன், தெரியலை, தூக்கிப் போட்டுட்டேன்"னு சொல்லிடாதீங்க. ஐ.டி.இ.யை யு.எஸ்.பி.யா மாத்துற அடாப்டர் இன்னும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஜம்பரை மாஸ்டர்ல வச்சு மாட்டுங்க. விண்டோஸ் "அனுமதி இல்லை"ன்னா லினக்ஸ்ல திறங்க, அது பழைய எக்ஸ்.பி. கடவுச்சொல்லையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காது. தமிழ்ல நாம எழுதினது ஏற்கெனவே கொஞ்சம். அதையும் ஒரு ஜம்பருக்காக இழக்கலாமா?

உங்களுக்குத் தெரியாமப் போய், அப்புறம் திரும்பி வந்த டிஸ்க் கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. யாருக்காவது உதவும்.

டிஸ்கி: "நீ லினக்ஸ் ஆளு, அதான் விண்டோஸை வாருறே"ன்னு வர்றவங்களுக்கு: இந்தப் பதிவை அடிச்சது விண்டோஸ்லதான். லினக்ஸ் பாகம் பக்கத்துலயே இருக்கு, இதுக்குத்தான் தெரியலை ;-)